ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்: "பைக்" என்றால் சைக்கிளாம்!

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். நர்சிங் முடித்து நாலு வருடமாக வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும். எனக்கு வந்தது 6. ரைட்டிங்கில் 6.5 போதும் என்பதால் அது எப்படியோ தப்பித்தது. ரீடிங்கும் லிசனிங்கும் பிரச்சினை இல்லை. ஆக, வாய்தான் கெடுத்தது.

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்க வேண்டாம். முதல் பகுதியில் வீடு, வேலை எல்லாம் கேட்டார்கள், நன்றாகத்தான் போனது. அப்புறம் தேர்வு நடத்திய அம்மா, "டிட் யூ ஹேவ் எ பைக் வென் யூ வேர் எ சைல்ட்?" என்றார். நமக்கு பைக் என்றால் மோட்டார் வண்டிதானே? "நோ, மை ஃபாதர் ஒன்லி ஹேட்" என்றேன். அடுத்து, பிள்ளைகள் பைக் ஓட்டக் கற்றுக்கொள்வது நல்லதா என்று கேட்டார். நான் கூடவே கூடாது, பதினெட்டு வயது ஆக வேண்டும், லைசென்ஸ் வேண்டும், எங்கள் வார்டில் எத்தனை தலைக்காயம் பார்க்கிறேன் தெரியுமா என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவதாக, "டு யூ ஸ்டில் சைக்கிள் நவ்?" என்றார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு சின்ன வயது பற்றிக் கேட்ட எல்லாவற்றுக்கும் "பிளேயிங் வித் ஃப்ரெண்ட்ஸ்" என்பதைத் தவிர எதுவும் வாயில் வரவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், மூன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் சைக்கிளை விட்டு இறங்கியதே கிடையாது.

நான் படித்த கோச்சிங் சென்டரில் ஒரு தாள் கொடுத்தார்கள். சைக்கிள் சுற்றுச்சூழலுக்கு நல்லது, உடம்புக்கு நல்லது, கார்பன் குறையும் என்று பத்து வரி. அதை மனப்பாடம் செய்தேன். பயன்படவில்லை. அடுத்த மாதம் மறுபடி தேர்வு. இந்த மாதிரிக் கேள்விக்கு எப்படித்தான் பேசுவது?

பாமணிக்காரன்

மன்னிக்க வேண்டும், சிரித்துவிட்டேன். எனக்கும் இதே கதைதான் தங்கச்சி. நான் மைலேஜ் வரைக்கும் போய்விட்டேன்.

குடந்தை வாத்தியார்

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். இப்போது திண்ணையில் நாலு பிள்ளைகளுக்கு ஸ்பீக்கிங் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மனக்கவலை வேண்டாம் அம்மா. பைக் என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டதற்காக மட்டும் உங்கள் மார்க் 6க்கு இறங்கியிருக்காது. அங்கே பார்ப்பது நான்கு விஷயங்கள்: தடங்கலில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சமமான எடை. நீங்கள் சொன்னது உண்மையா, உங்கள் கருத்து சரியா என்பதற்கு மார்க்கே கிடையாது. தலைக்காயப் பிரசங்கம் அவருக்கு நல்ல ஆங்கிலமாகத்தான் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு வாயடைத்துப் போனீர்களே, அங்கேதான் போயிருக்கும்.

பைக் என்ற சொல் ஆங்கிலேயர்களிடம் இரண்டுக்கும் பொது. பள்ளிக்கூடம், சின்ன வயது என்று வந்தால் சைக்கிள். சந்தேகம் இருந்தால் "டு யூ மீன் எ பைசிக்கிள்?" என்று கேட்டுவிடுங்கள், அதற்காக யாரும் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள். கவனியுங்கள், பைசிக்கிள். பைசைக்கிள் இல்லை. மோட்டார்சைக்கிளில் "சைக்", பைசிக்கிளில் "சிக்". ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், அது அவர்கள் வீட்டுச் சண்டை.

இப்போது முக்கியமான விஷயம். சின்ன வயது பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகள் பத்தில் எட்டுப் பேர் "இன் மை சைல்ட்ஹுட் ஐ வில் கோ டு ஸ்கூல் பை சைக்கிள்" என்பார்கள். வில் வருவது தப்பு என்று முப்பது வருடம் சிவப்பு மையால் அடித்தேன். ஏன் வருகிறது என்று ரொம்ப நாள் யோசிக்கவில்லை. நாம் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? "சின்ன வயதில் ஆற்றங்கரை வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவேன். மழை பெய்தால் அப்பா கொண்டுபோய் விடுவார்." போவேன், விடுவார். வடிவத்தில் எதிர்காலம், பொருளில் பழைய வழக்கம். பிள்ளை தமிழ் இலக்கணத்தை அப்படியே நேர்மையாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறது. அவ்வளவுதான் குற்றம்.

நல்ல செய்தி என்னவென்றால், ஆங்கிலமும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கிறது. வில் என்பதை வுட் என்று மாற்றினால் போதும். "ஐ வுட் ரைட் அலாங் தி ரிவர் பேங்க். வென் இட் ரெய்ன்ட், மை ஃபாதர் வுட் டேக் மீ." இது ஏழு பேண்டு, அதாவது ஏழு மார்க் வாங்குகிறவர் பேசுகிற இலக்கணம். நமக்கு அது தாய்மொழியிலேயே இருக்கிறது. மனதில் "போவேன்" என்று வந்தால் வாயில் "வுட்" வரட்டும்.

ஒரே ஒரு பள்ளம் உண்டு. "எங்கள் கொட்டகையில் ஒரு பழைய சைக்கிள் இருக்கும்" என்றும் நாம் சொல்வோம். அங்கே வுட் போடக்கூடாது. செயலுக்கு வுட் வரும், நிலைமைக்கு வராது. "தேர் யூஸ்ட் டு பி அன் ஓல்ட் பைக்" என்றோ, சும்மா "வீ ஹேட்" என்றோ சொல்லுங்கள். முதல் வாக்கியம் யூஸ்ட் டு, அடுத்த இரண்டும் வுட். இந்த வரிசை பழகிவிட்டால் சின்ன வயதுக் கேள்வி எது வந்தாலும் நிற்கலாம்.

ஏழரைபேண்டு

சார் சொல்கிற இலக்கணம் எல்லாம் சரி, ஆனால் ஒரு மாதத்தில் அதெல்லாம் நடக்காது. நடைமுறையாகப் பேசுவோம். எனக்கு 7.5 வந்தது. நான் எந்தக் கேள்விக்கும் உண்மை சொல்லவில்லை. சைக்கிள் கேட்டார்கள், இல்லாத மாமா ஒருவர் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சிவப்பு சைக்கிள் என்று ஆரம்பித்தேன். "டவுன் மெமரி லேன்", "ஹெக்டிக் லைஃப்ஸ்டைல்", "ஈகோ ஃப்ரெண்ட்லி" இந்த மூன்றையும் எங்காவது செருகினேன். பொய் சொல்லக் கூடாது என்று அங்கே சட்டம் எதுவும் இல்லை.

குடந்தை வாத்தியார்

தம்பி, பொய் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கடன்வாங்கிய பொய்யில்தான் ஆட்சேபணை. மெமரி லேனில் போன வாரம் என் திண்ணையிலிருந்து மட்டும் மூன்று பேர் நடந்து போனார்கள். தேர்வாளர் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறார் யோசியுங்கள். மனப்பாடம் என்று தெரிந்ததும் கேள்வியை மாற்றிப் போடுவார். அப்போது இல்லாத மாமா வந்து காப்பாற்ற மாட்டார்.

ஏழரைபேண்டு

என்னைக் காப்பாற்றினாரே!

வெண்ணாற்றங்கரை

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. "போவேன்" விஷயத்தைப் படித்துவிட்டு இரண்டு தடவை எழுந்து நடந்தேன். என் பழைய ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டேன். ஆறு இடத்தில் வில்.

இல்லாத மாமா எனக்கு வேண்டாம், இருக்கிற அப்பாவே போதும். சம்பா அறுவடை முடிந்து காசு கையில் வந்த வருடம் அப்பா ஒரு அரை வண்டி, அதாவது சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற சிறிய சைக்கிள், வாங்கி வந்தார். பழசுதான். சீட் கிழிந்து உள்ளே இருந்த ஸ்பிரிங் குத்தும், அம்மா சாக்கை மடித்துக் கட்டிக்கொடுத்தார். மே மாதம் வெண்ணாறு வற்றி வெறும் மணலாகக் கிடக்கும். கரைமேல் ஓட்டுவேன். விழுந்தால் சரிந்து மணலில் போய் விழுவேன், வலிக்காது. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு என் தோழி ஓடி வருவாள். பிடித்திருக்கிறேன் பிடித்திருக்கிறேன் என்று கத்துவாள், எப்போதோ கையை விட்டிருப்பாள். பிரேக் பிடிக்காது. நிறுத்த வேண்டுமென்றால் செருப்புக் காலை முன் டயரில் வைத்துத் தேய்ப்போம், இல்லாவிட்டால் மதகுச் சுவரை நோக்கி வண்டியை விட்டு, மோதுவதற்கு முன்னால் குதித்துவிடுவோம்.

இதில் ஒரு கெடு இருந்தது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் சில நாளில் தண்ணீர் வந்துவிடும். வந்துவிட்டால் பாட்டி கரைப்பக்கமே விடமாட்டார். அதற்குள் பேலன்ஸ் வந்தாக வேண்டும். தண்ணீர் எங்கே வந்திருக்கிறது, கல்லணை தாண்டிவிட்டதா என்று ஊரே பயிருக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும். நானும் கேட்பேன், சைக்கிளுக்காக.

இதையெல்லாம் தமிழில் எழுத அஞ்சு நிமிடம்கூட ஆகவில்லை. ஆங்கிலத்தில் சொல்லப் போனால் "ஐ லேர்ன் சைக்கிள் நியர் ரிவர்" என்று நின்றுவிடுகிறது.

முக்கால்வண்டி

அக்கா, அப்பாவுக்கு மன்னார்குடி பக்கம் சைக்கிள் கடை இருந்தது. வாடகை சைக்கிளும் விடுவார். மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் நம்பர் இருக்கும். ஏழாம் நம்பருக்கு அடிதடி நடக்கும், ஏனென்றால் அதில்தான் பெல் அடிக்கும். மணிக்கு ஒரு ரூபாய். நேரத்தை நோட்டில் எழுதிவைப்பார். ஒரு மணி நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது தெருக்கோடியிலிருந்து பிள்ளைகள் உயிரைக் கொடுத்து மிதித்து வருவார்கள். சொந்த சைக்கிள் இல்லாதவர்கள் "நோ" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள், வாடகை சைக்கிளைச் சொல்லுங்கள். "நோ, பட் ஐ யூஸ்ட் டு ஹயர் ஒன் பை தி அவர்." நான் இப்படித்தான் சொன்னேன், அந்தத் தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம் சொற்கள். கடையில் நாம் பேசுவதில் பாதி ஆங்கிலம்தான், ஆனால் எல்லாம் அங்கே செல்லாது. கேரியர் என்றால் அவர்களுக்கு உடனே புரியாது, ரேக் என்கிறார்கள். டபுள்ஸ் அடித்தோம் என்றால் டென்னிஸ் ஆடினோம் என்று நினைத்துக்கொள்வார். "மை ஃப்ரெண்ட் சாட் ஆன் தி பேக்" என்று சொன்னால் போதும், பாரில் உட்கார்ந்திருந்தால் கிராஸ்பார். பஞ்சர் என்ற சொல் அப்படியே செல்லும், ஒட்டுவதற்கு மட்டும் பேஸ்ட் என்று சொல்லாமல் மெண்ட் என்றோ பேட்ச் என்றோ சொல்லுங்கள். செயின் கழன்றது என்பதற்கு "தி செயின் கேம் ஆஃப்". ரிம் கோட்டமாகிவிட்டது என்பதற்கு "பக்கிள்ட் வீல்", இதைச் சொன்னால் மெக்கானிக் மகன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் கடையில் "ஓவராயில்" என்றால் வண்டியை மொத்தமாகப் பிரித்து எண்ணெய் போட்டுப் பூட்டுவது. அது ஓவர்ஹால் என்ற சொல் என்பதே எனக்குக் காலேஜ் வந்துதான் தெரியும். எண்ணெய் போடுகிறோமே, அதனால் ஆயில் என்று நினைத்திருந்தேன்.

குரங்குப் பெடலுக்கு மட்டும் ஆங்கிலத்தில் சொல் தேடி அலுத்துவிட்டேன்.

குடந்தை வாத்தியார்

தேட வேண்டாம், விளக்குங்கள். விளக்கும்போதுதான் மார்க் விழும். "தி பைக் வாஸ் டூ பிக் ஃபார் மீ, சோ ஐ புட் ஒன் லெக் த்ரூ தி ஃப்ரேம், அண்டர் தி கிராஸ்பார், அண்ட் பெடல்ட் ஸ்டாண்டிங் அப்." சொல் தெரியாத இடத்தில் சுற்றிவந்து சொல்வதை அவர்கள் திறமையாகத்தான் பார்க்கிறார்கள். "மங்கி பெடல்" என்று மொழிபெயர்த்துவிட்டு அவர் சிரிப்பார் என்று காத்திருக்காதீர்கள்.

வெண்ணாற்றங்கரை அம்மாவுக்கு: உங்கள் தமிழில் "ஓட்டுவேன், விழுவேன், ஓடி வருவாள், கத்துவாள்" என்று எத்தனை வந்திருக்கிறது பாருங்கள். எல்லாம் வுட். தள்ளாடுவதற்கு ஒரு அருமையான சொல் உண்டு, வாபிள். சிராய்ப்புக்கு கிரேஸ். பழக்கம் பிடிபட்டது என்பதற்கு "காட் தி ஹேங் ஆஃப் இட்". இந்த மூன்றும் போதும், நாலாவது வேண்டாம். உதாரணத்துக்கு இப்படி: "ஐ லேர்ன்ட் ஆன் தி ரிவர் பேங்க் இன் மே, வென் தி ரிவர் வாஸ் ஜஸ்ட் சாண்ட். ஐ வுட் வாபிள் ஃபார் எ ஃப்யூ மீட்டர்ஸ் அண்ட் ரோல் டவுன் இன்டு இட். ஐ ஹேட் டு கெட் தி ஹேங் ஆஃப் இட் பிஃபோர் தி வாட்டர் கேம்." இதை மனப்பாடம் செய்தீர்களானால் என் திண்ணைக்கு வராதீர்கள். நாளைக்கு வேறு சொற்களில் சொல்லுங்கள், நாளன்று இன்னும் வேறு மாதிரி. கதை மாறாது, வாக்கியம் மாறட்டும்.

பதினாலுநிமிடம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கே சொல்லப் போகிறீர்கள்? முதல் பகுதியில் இவ்வளவும் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். மொத்தத் தேர்வே 11 முதல் 14 நிமிடம். அதில் முதல் பகுதிக்கு 4, 5 நிமிடம், அதற்குள் இரண்டு மூன்று தலைப்பு. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று வாக்கியம்தான். "ஆமாம், ஒரு பழைய சைக்கிள் இருந்தது, அப்பா வாங்கித் தந்தது, ஆற்றங்கரையில் கற்றுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். அவர் நிறுத்தினால் கோபித்துக்கொள்ளவும் கூடாது, அவருக்குக் கடிகாரம் ஓடுகிறது.

மணல், செருப்பு, மதகு எல்லாம் இரண்டாம் பகுதிக்கு. ஒரு அட்டை கொடுப்பார்கள், யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம் வரை. சின்ன வயதில் கற்றுக்கொண்ட ஒன்று, உதவி செய்த ஒருவர், மறக்க முடியாத நாள், கஷ்டப்பட்டுச் சாதித்தது, இதில் எந்த அட்டை வந்தாலும் உங்கள் மே மாதம் பொருந்தும். தோழியிலிருந்து ஆரம்பித்தால் "உதவி செய்தவர்", தண்ணீர் வரும் கெடுவிலிருந்து ஆரம்பித்தால் "சாதித்தது". அந்த ஒரு நிமிடத்தில் பென்சிலும் தாளும் தருவார்கள். வாக்கியம் எழுதாதீர்கள். நான் ஐந்து சொல் எழுதினேன், அதுவும் தமிழில்.

குடந்தை வாத்தியார்

முதல் பத்தி முழுவதும் ஒத்துக்கொள்கிறேன். நான் நீட்டிவிட்டேன். தமிழில் குறிப்பு எழுதுவது மட்டும் வேண்டாம். தாளில் "மதகு" என்று எழுதிவிட்டு, பேசும்போது அதற்கு ஆங்கிலம் தேடி நிற்பீர்கள்.

பதினாலுநிமிடம்

மதகுக்கு ஸ்லூஸ். அது தெரியாவிட்டால் "எ ஸ்மால் வால் வேர் தி கெனால் ஸ்டார்ட்ஸ்" என்று சுற்றிவந்து சொல்ல வேண்டியதுதான், நீங்கள்தானே ஐயா சொல்லிக்கொடுத்தீர்கள்! தமிழில் எழுதினால் எனக்கு ஞாபகம் முழுசாக வருகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் அந்தச் சொல் மட்டும்தான் வருகிறது.

குடந்தை வாத்தியார்

சரி, ஆளுக்கு ஆள் மாறும் போல.

எதிர்காற்று

திருத்துறைப்பூண்டிக்காரன், நெதர்லாந்தில் வேலை. மூன்றாம் பகுதிக்கு ஒரு சங்கதி தருகிறேன். சில நாடுகளில் மட்டும் ஏன் சைக்கிள் அதிகம் என்று அங்கே கேட்பார்கள். எல்லோரும் நெதர்லாந்து என்பார்கள், ஏன் என்றால் தரை மட்டமாக இருக்கிறது என்பார்கள். இங்கே மக்கள்தொகை ஒன்றே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் மேல், சைக்கிள் இரண்டு கோடிக்கும் மேல். தரை மட்டம்தான், நம் டெல்டா மாதிரியே. வாய்க்கால், பாலம், இரண்டு பக்கமும் பச்சை. ஏற்றம் என்றால் பாலத்து ஏற்றம் ஒன்றுதான். எதிர்காற்று அடித்தால் ஆடி மாதம் முத்துப்பேட்டை ரோட்டில் மிதிப்பது போலத்தான் இருக்கும்.

ஆனால் தரை மட்டும் காரணமென்றால் நம் ஊர் இந்நேரம் ஆம்ஸ்டர்டாம் ஆகியிருக்க வேண்டும். இங்கேயும் 1950, 60களில் கார்தான் ரோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. 70களில் ரோட்டில் பிள்ளைகள் அடிபட்டுச் சாவதை எதிர்த்துப் பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, சில ஞாயிற்றுக்கிழமைகள் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் பெருகின. இங்கே ஆரம்பப் பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு ரோட்டில் சைக்கிள் ஓட்டுவதற்கு ஒரு தேர்வுகூட உண்டு. பின்னால் ரேக்கில் ஆளை உட்காரவைத்துப் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குடந்தை வாத்தியார்

எங்கள் காலத்தில் டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும். ராத்திரி லைட் இல்லாவிட்டாலும் பிடிக்கும். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தால் மிதிக்க முடியாது, சாய்க்காவிட்டால் போலீஸ். காவலரைத் தூரத்தில் பார்த்ததும் பின்னால் இருப்பவன் குதித்து, சம்பந்தமில்லாதவன் போல நடந்து வருவான். இதுவும் ஒரு வுட்.

பாமணிக்காரன்

சைக்கிள் காலம் முடிந்துவிட்டதா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்து பார்த்தால் ரோடு முழுக்கத் தென்னை. கார் போகாது, பைக் போகாது, போன் இல்லை. அக்கா வீடு பதினோரு கிலோமீட்டர். வீட்டில் கிடந்த சைக்கிளை எடுத்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி, தோளில் தூக்கித் தாண்டி வைத்து, மறுபடி ஏறினேன். முப்பது மரம் வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். தூக்கிக்கொண்டு போகக்கூடிய வண்டி அது ஒன்றுதானே.

கேணிக்கரை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் புதுக்கோட்டைக்காரி, கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தவள். என் மகள்தான் இப்போது இந்தத் தேர்வுக்குப் படிக்கிறாள்.

அவள் அறையிலிருந்து "சைக்கிளிங் ஈஸ் குட் ஃபார் ஹெல்த்" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் சைக்கிள் கற்றது உடம்புக்காகவா? 1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதில் பிடிவாதமாக இருந்தார். வயலில் வேலை செய்கிறவர்கள், கல்குவாரியில் உடைக்கிறவர்கள், அங்கன்வாடிக்காரர்கள், ஆயிரக்கணக்கில் கற்றோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. பரவாயில்லை என்று பார் வைத்த சைக்கிளையே எடுத்தோம், பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினால் டீக்கடையிலிருந்து ஒரு சத்தம் வரும். வந்துவிட்டுப் போகட்டும் என்று மிதித்தோம்.

எங்களுக்கு சைக்கிள் என்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். பஸ் ஸ்டாப்பிங் வரை கொண்டுபோய் விடச்சொல்லி அண்ணனையோ வீட்டுக்காரரையோ கேட்க வேண்டாம். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டலாம். இதைச் சொல்லடி என்றால் மகள், "அம்மா, அதற்கெல்லாம் பேண்டு வராது" என்கிறாள். வாத்தியார் ஐயா ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.

குடந்தை வாத்தியார்

வரும் என்று சொல்லுங்கள் அம்மா. மூன்றாம் பகுதியில் கேட்பதே அதைத்தான்: சைக்கிள் மக்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியது. "ஃபார் மை மதர் இட் வாஸ் நாட் அபௌட் ஹெல்த். இட் மென்ட் ஷி டிடின்ட் ஹேவ் டு ஆஸ்க் எனிஒன்." இரண்டே வாக்கியம். நான் தேர்வாளராக இருந்தால் அடுத்த கேள்வி கேட்க மறந்துவிடுவேன்.

ஏழரைபேண்டு

இதைப் படித்த பிறகு என் இல்லாத மாமாவைப் பற்றி எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் சொல்வதற்குக் கதை இருக்காது. நான் அபார்ட்மென்ட்டில் வளர்ந்தவன், லிப்டுக்கும் கார் பார்க்கிங்குக்கும் நடுவே வளர்ந்தேன். எனக்கு ஆறும் இல்லை, மணலும் இல்லை.

பதினாலுநிமிடம்

கார் பார்க்கிங்கில் சைக்கிள் விட்டு செக்யூரிட்டியிடம் திட்டு வாங்கியதே இல்லையா?

ஏழரைபேண்டு

தினமும் வாங்குவேன்.

குடந்தை வாத்தியார்

"வாங்குவேன்". வுட்.

வெண்ணாற்றங்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். டூட்டி, படிப்பு, டூட்டி. இன்று காலை தேர்வு முடிந்தது. திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டே எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் வரவில்லை! இவ்வளவு தயார் செய்துவிட்டுப் போனேன், சைக்கிள் என்ற சொல்லே வரவில்லை. முதல் பகுதியில் வேறு எதையோ கேட்டார்கள். இரண்டு மூன்று வாக்கியம் சொல்லி நிறுத்தினேன், ஒரு தடவை அவரே தலையை ஆட்டி "ஒய்?" என்று கேட்டுத் தொடரவைத்தார். இரண்டாம் பகுதி அட்டை சின்ன வயதுதான், ஆனால் ஆடிப்பெருக்கைச் சொல்கிற மாதிரி அமைந்தது. ஒரு நொடி பகீரென்றது. அப்புறம் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவோமே, அதை எடுத்தேன். தட்டி கட்டுவோம், சாமி படம் ஒட்டுவோம், கரை வரைக்கும் இழுப்போம், யார் சப்பரம் சாயாமல் போகிறது என்று பந்தயம் வைப்போம். மனதில் தமிழ் ஓடிக்கொண்டே இருந்தது, வாயில் வுட் வுட் என்று வந்துகொண்டே இருந்தது. சப்பரத்துக்கு ஆங்கிலம் தெரியாது. "எ லிட்டில் வுடன் டெம்பிள் கார் தட் சில்ட்ரன் புல்" என்று சுற்றிவந்தேன். நிறுத்துங்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு இன்னும் சொல்ல இருந்தது. போன தடவை ஐம்பது நொடியில் முடிந்துபோய், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு இடத்தில் வில் வந்துவிட்டது. எனக்கே கேட்டது. உடனே திருத்திக்கொண்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

குடந்தை வாத்தியார்

ஒன்றிரண்டு வரும், அதைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் இருக்காதீர்கள். சாப்பிட்டீர்களா?

வெண்ணாற்றங்கரை

பஸ் ஏறும்போது இரண்டு பஜ்ஜி, ஐயா.

முக்கால்வண்டி

அக்கா, கேட்கலாமா என்று தெரியவில்லை. அந்த அரை வண்டி இன்னும் இருக்கிறதா? பையனுக்கு அடுத்த மே மாதம் ஏழு வயது. கடைகளில் இப்போது கிடைப்பதெல்லாம் கியர் வைத்துக் குச்சி குச்சியாக இருக்கிறது.

வெண்ணாற்றங்கரை

மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது தம்பி. அதற்கப்புறம் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள், அதோடு இதை மறந்துவிட்டோம். டயர் இரண்டும் போய்விட்டது. செயின் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. சீட்டில் அந்தச் சாக்கு இன்னும் இருக்கிறது என்று அம்மா சொன்னார்.

முக்கால்வண்டி

டயர், செயின் எல்லாம் மாற்றிவிடலாம். ஃப்ரீவீல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பெடலைப் பின்னால் சுற்றினால் டிக் டிக் என்று சத்தம் வர வேண்டும்.

வெண்ணாற்றங்கரை

செயின் இறுகியிருக்கும்போது பெடல் எப்படிச் சுற்றும்?

முக்கால்வண்டி

அதுவும் சரிதான். செயினைக் கழற்றிவிட்டுப் பின்சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஃப்ரீவீலை மட்டும் பின்பக்கமாகச் சுற்றச் சொல்லுங்கள், சத்தம் வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பம்பும் கொண்டுவருகிறேன்.